சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கலைக்கூடம் சுற்றிக்காட்டும் தன்னார்வலருக்கு

ஒரு குழுவுக்கு 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசைக்குப் படம் தெரியாது, பேச்சு தொடங்கிவிடும். 45 நிமிடத்துக்கு ஐந்தாறு படைப்புகளே சரி. எல்லாவற்றையும் காட்ட ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது.

முந்தின நாளே தனியாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, குழுவைச் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். நீங்கள் படத்தை மறைக்காமல் ஓரமாக நில்லுங்கள். பைகளை முதுகிலிருந்து கழற்றி முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது இடிப்பது பெரும்பாலும் பைதான்.

முதலில் ஒரு நிமிடம் பேசாமல் பார்க்க விடுங்கள். பெயர்ப்பலகையை முதலிலேயே வாசித்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். பிறகு "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். "புரியுதா?" என்று கேட்கவே கூடாது, ஆட்கள் கூசிப்போவார்கள்.

1966-இல் இந்தக் கிராமத்தை நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படத்தைக் காட்டும்போது கவனம் தேவை. ஜாதகக் கட்டம் மாதிரி சதுரங்கள், நெருக்கமாக எழுத்துகள். உடனே வாசிக்க முயல்வார்கள், முடியாமல் சோர்வார்கள். அவை பொருளுக்காக எழுதியவை அல்ல, வடிவத்துக்காக வரைந்தவை என்று அப்போது சொல்லுங்கள். அதன்பின் கோடுகளின் ஓட்டத்தைத் தாங்களாகவே தொடர்வார்கள்.

கிளம்புமுன், ஓவியர்கள் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) விற்ற பணத்தைச் சேர்த்து இந்த நிலத்தை வாங்கிய கதையைச் சொல்லுங்கள். அதை வெளியே மரநிழலில் சொல்வது நல்லது.