பட்டன் இருக்கிறதே என்று நம்பாதீர்கள்: கேரவன் டயரில் நடக்கும் தவறுகள்

பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கேரவனாக மாற்றும் ஆசை இப்போது டெல்டா பக்கமும் வந்துவிட்டது. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று நண்பர்கள் வண்டியைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் மரவேலையைக் காட்டுவார்கள். நான் குனிந்து டயரைப் பார்ப்பேன். தொடக்கத்தில் நான் கோட்டைவிட்ட அதே இடங்களில்தான் அவர்களும் விடுகிறார்கள். காற்று பார்ப்பது, ஆணி பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டனை வைத்து ஆயுளைக் கணக்கிடுவது

பட்டன், அதாவது டயர் தரையில் படும் பகுதியில் உள்ள மேடுபள்ளம், இருக்கும்வரை டயர் ஓடும் என்பதுதான் பலர் போடும் கணக்கு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது சரிப்படும். தினமும் ஓடும் வண்டியில் டயருக்கு வயதாகும் முன்பே பட்டன் தேய்ந்துவிடும். சட்டம் சொல்லும் அளவும் அதைப் பற்றியதுதான்: நான்கு சக்கர வண்டிகளில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

கேரவன் அப்படி ஓடுவதில்லை. பொங்கலுக்கு ஒரு பயணம், கோடை விடுமுறையில் ஒரு பயணம். மற்ற நாளெல்லாம் தென்னந்தோப்பிலோ களத்திலோ நிற்கிறது. பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கெட்டுக்கொண்டே போகும். வெயிலும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக வைத்து அதில் வெடிப்பு விழச் செய்கின்றன. இதைத் தடுக்கத்தான் மெழுகும் வேறு சில ரசாயனங்களும் ரப்பரிலேயே கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்றாக வரும். நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைப்பதில்லை. “வண்டி ரொம்ப ஓடலை சார்” என்று விற்பவர் சொன்னால், டயரைப் பொறுத்தவரை அது நல்ல செய்தியே இல்லை.

பார்க்க வேண்டியது தேதியை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நீண்ட குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1814 என்றால் 2014ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்தது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இந்த எண் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருந்தால், வெளியே நின்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வண்டிக்கு அடியில் செல்போனை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள்.

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் வேன் வாங்கினார். “அண்ணே, பட்டன் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு” என்றார். அடியில் பார்த்தால் பின் டயரில் அதே 1814. மாற்றிவிடுங்கள் என்றேன். இந்த லீவு முடியட்டும் அண்ணே என்றார். சித்திரை வெயிலில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். திருச்சி தாண்டி, திண்டுக்கல் சாலையில் அந்த டயரின் பட்டன் பகுதி பட்டையாக உரிந்து, சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டைக் கிழித்து, அடியில் போன தண்ணீர்க் குழாயையும் பிய்த்துப் போட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழுது பார்த்த செலவு, எல்லா டயரையும் புதிதாகப் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைத் தாண்டிவிட்டது. எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. தெரியாமல் நடந்திருந்தால் மனசு ஆறும். தேதியைப் படித்துக் காட்டிய பிறகு நடந்தது இது.

சரி, எப்போது மாற்றுவது? ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து வருடத்தைத் தாண்டாதீர்கள் என்பது டயர் கம்பெனிகள் பல சொல்வது. நம் ஊர் வெயிலில், எப்போதும் பாரத்தோடு நிற்கும் வண்டிக்கு அந்தப் பத்தை நான் ஏற்பதில்லை. ஆறாவது வருடம் பணம் ஒதுக்குங்கள், ஏழாவது வருடம் மாற்றுங்கள். பக்கவாட்டிலோ பட்டன்களுக்கு நடுவிலோ வெடிப்பு, எங்காவது புடைப்பு, ஓடும்போது இதுவரை இல்லாத அதிர்வு என்று எது தெரிந்தாலும் வயதைக் கணக்குப் பார்க்காமல் கழற்றிவிடுங்கள்.

பளபளப்பை நம்புவது

பாலிஷ் பூசியிருந்தால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

ஸ்டெப்னியை மறப்பது

அதற்கும் தேதி உண்டு.

எடை போடாமல் டயர் வாங்குவது

நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ. கட்டில், பேட்டரி, சிலிண்டர், பாத்திரம், ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் பின் அச்சில் எவ்வளவு இறங்குகிறது என்று பலருக்குத் தெரியாது. நம் பக்கம் அரிசி ஆலைகளில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. பயணத்துக்கு ஏற்றுவதையெல்லாம் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். டயர் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாரக் குறியீடு 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 112 என்றால் 1120 கிலோ. விலை குறைவு என்று அதே அளவில் கார் டயரை மாட்டிவிடாதீர்கள். பாரம் மிஞ்சினாலும் காற்று குறைந்தாலும் டயர் சூடேறும், பழைய டயர் உரிவதற்கு அந்தச் சூடே போதும்.

கண்ட இடத்தில் நிறுத்துவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் தரையில் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். சக்கரத்துக்கு அடியில் பலகை போடுங்கள், டயர் முழுவதும் பலகைமேல் உட்கார வேண்டும். டிராக்டர் கொட்டகை நிழலாக இருக்கிறதே என்று டீசலும் ஆயிலும் சொட்டிய தரையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். வெல்டிங் பட்டறை ஓரமும் வேண்டாம், அங்கே ஓசோன் உண்டாகும். வெயில் படும் பக்கத்து டயர்களைச் சாக்குப் போட்டு மூடுங்கள். இடையிடையே வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

புது டயரின் தேதியைக் கேட்காமல் மாட்டுவது

கடையில் புதிதாகத் தெரிவது குடோனில் வருடக்கணக்கில் கிடந்ததாகவும் இருக்கலாம். செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன டயரை நான் வாங்குவதில்லை. மாட்டும் முன் ஒவ்வொரு டயரின் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டியூப்லெஸ் என்றால் ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அதற்கும் அதே வயதுதான். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியோ, வெளிப்பக்கம் எது என்று சொல்லும் OUTSIDE என்ற எழுத்தோ இருந்தால் அதன்படி மாட்ட வேண்டும். இல்லையென்றால் தேதி இருக்கும் பக்கம் வெளியே வரட்டும்.