டார்சல் பக்கத்தை அடையாளம் காண்பது எப்படி?

உடற்கூறியலில் ‘டார்சல்’ என்றால் முதுகுப்புறம். முதுகைக் குறிக்கும் ‘டார்சம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த இதற்கு எதிர்ப்பக்கம் ‘வென்ட்ரல்’, அதாவது வயிற்றுப்புறம். பொருள் இவ்வளவு எளிதாக இருந்தும், புதிதாகப் படிப்பவர்களில் பலர் இதை ‘மேற்பக்கம்’ என்று மனத்தில் பதித்துக்கொண்டு, பின்னால் தடுமாறுகிறார்கள்.

ஆகவே, விலங்கு எப்படி நிற்கிறது, எப்படிக் கிடக்கிறது என்பதை முதலில் மறந்துவிட்டு, முதுகெலும்பு எந்தப் பரப்பை ஒட்டி ஓடுகிறது என்று பாருங்கள். பசுவுக்கு அது வானத்தைப் பார்த்த பக்கம். நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்குப் பின்பக்கம். மனிதன் மல்லாந்து படுத்தால் முதுகு தரையைத் தொடும், ஆனால் அது டார்சல் பக்கமாகவே இருக்கும்.

இந்த விதியைச் சோதித்துப் பார்க்க இரண்டு தட்டையான மீன்களை எடுத்துக்கொள்ளலாம். திருக்கையின் உடல் மேலிருந்து கீழாகத் தட்டையானது என்பதால், நாம் மேலிருந்து பார்க்கும் பரப்பு அதன் முதுகுதான். நாக்கு மீனோ ஒருக்களித்துப் படுத்துக் கிடப்பது. இரு கண்களும் தெரியும் அதன் மேற்பரப்பு உண்மையில் மீனின் இடப்பக்கம், முதுகோ முதுகுத்துடுப்பு நீண்டு செல்லும் ஓரத்தில் இருக்கிறது. முதுகெலும்பில்லாத மண்புழுவில், மேல்தோலின் வழியே கருங்கோடாகத் தெரியும் இரத்தக்குழாய் முதுகுப்புறத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கையும் காலும்தான் அதிகம் குழப்புபவை. கையைப் பொறுத்தவரை தமிழே வழிகாட்டுகிறது: புறங்காட்டுதல் என்பதில் புறம் முதுகைக் குறிப்பதுபோல, புறங்கை என்பது கையின் டார்சல் பரப்பு. பாதத்தில் அது மேற்பரப்பு. கரு வளரும்போது கால்கள் உள்நோக்கித் திரும்புவதால், தொடக்கத்தில் முதுகுப்புறத்தைச் சேர்ந்திருந்த பரப்பு முன்னால் வந்துவிடுகிறது; முழங்கால் முன்னோக்கி இருப்பதற்கும் இதுவே காரணம். கால் பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தினால் பாதத்தின் மேல் ஒரு தசைநாண் புடைத்தெழும். அதற்குச் சற்றுச் சுண்டுவிரல் பக்கமாக இரண்டு விரல்நுனிகளை அழுத்தாமல் வைத்தால் பெரும்பாலோருக்கு நாடித்துடிப்பு தட்டுப்படும். பாதத்தின் டார்சல் தமனி அதுதான். நாய், குதிரை போன்றவற்றின் முன்னங்கால்களில் மணிக்கட்டுக்குக் கீழேயும், பின்னங்கால்களில் கணுக்காலுக்குக் கீழேயும் முன்னோக்கிய பரப்பையே டார்சல் என்கிறார்கள்.

மனித மூளைக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் நிதானம் தேவை. தண்டுவடத்தில் டார்சல் என்பது பின்புறம். உணர்ச்சிச் செய்திகளைக் கொண்டுவரும் நரம்பு வேர்கள் அந்தப் பக்கமாகவே உள்ளே நுழைகின்றன. ஆனால் நாம் நிமிர்ந்து நின்றும் முன்னோக்கிப் பார்ப்பதற்கேற்ப, நரம்பு மண்டலத்தின் அச்சு நடுமூளைப் பகுதியில் முன்பக்கமாக வளைந்துவிடுவதால், பெருமூளையில் டார்சல் என்பது உச்சந்தலைப் பக்கம். ஒரே சொல், ஒரே மனிதனுக்குள், வளைவுக்குக் கீழே ஒரு திசையையும் மேலே வேறொரு திசையையும் காட்டுகிறது. மூளையின் படத்தைப் பார்க்கையில் அது வளைவுக்கு மேலுள்ள பகுதியா, கீழுள்ளதா என்று பார்த்துவிட்டுக் குறிப்பதே பாதுகாப்பானது.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கணுக்காலையொட்டிய ஏழு எலும்புகளின் பெயரையும் நாம் ‘டார்சல்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு, தமிழில் இரண்டும் ஒன்று. ‘பாதத்தின் டார்சல் பகுதியில் வலி’ என்று எழுதினால் வலி எலும்பிலா, மேற்பரப்பிலா என்று தெரியாது. அந்த இடத்தில் ‘பாதத்தின் மேற்பரப்பு’ அல்லது ‘கணுக்கால் எலும்புகள்’ என்று விரித்தே எழுதுங்கள்.