ஃப்ரீலான்ஸ் வருமானத்தில் குடும்பம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுவோர், டிசைனர்கள், கல்யாணப் புகைப்படக்காரர்கள் என ஃப்ரீலான்ஸாகச் சம்பாதிப்போர் செய்யும் முதல் தவறு, கணக்கில் விழுந்த தொகை முழுவதையும் வீட்டுப் பணமாக எண்ணுவது. சம்பளக்காரருக்கு முதலாளி வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார். நமக்குப் பிடிக்க ஆளில்லை. வருவாய்த் துறையான சார்ஸின் பங்கு கொஞ்ச நாள் நம் கணக்கில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பங்கு எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். தொழில் செலவு கழித்து ஆண்டுக்கு 3,00,000 ராண்ட் வரிக்குரிய வருமானம், வயது 65-க்குக் கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2026 பிப்ரவரியில் முடிந்த வரியாண்டின் விகிதப்படி முதல் 2,37,100-க்கு 18 சதவீதம், அதாவது 42,678. மீதி 62,900-க்கு 26 சதவீதம், 16,354. இரண்டும் சேர்ந்து 59,032. அடிப்படைத் தள்ளுபடி 17,235 போனால் 41,797. மாதத்துக்கு ஏறக்குறைய 3,500 ராண்ட். இந்த அளவு சம்பாதிப்பவர் ஒவ்வொரு வரவிலும் 20 சதவீதத்தைப் பணம் விழுந்த அன்றே தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டால் வரி கட்டக் கைவசம் இருக்கும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். மாதக் கடைசியில் எடுத்து வைக்கிறேன் என்பவரிடம் மாதக் கடைசியில் எடுக்க ஒன்றும் இருக்காது.

ஆண்டு வருமானத்தை நாமே மதிப்பிட்டுக் கட்டும் ப்ரொவிஷனல் வரியின் இரண்டு தவணைகளும் வேண்டுமென்றே பார்த்து வைத்தது போல் வரும். ஆடிக் கூழ் ஊற்றி முடித்த கையோடு ஆகஸ்ட் இறுதியில் ஒன்று. தீபாவளி, டிசம்பர் விடுமுறை, ஜனவரிப் பள்ளிச் செலவு, தைப்பூசக் காவடி எல்லாம் பையை வழித்தெடுத்த பிறகு பிப்ரவரி இறுதியில் இன்னொன்று. தேதி தவறினால் 10 சதவீத அபராதமும் வட்டியும் உண்டு. கையில் பணமில்லை என்பதற்காகப் பிப்ரவரி மதிப்பீட்டையே குறைத்து எழுதுவது இதைவிட மோசமான தவறு. வரிக்குரிய வருமானம் 10 லட்சம் ராண்டுக்குள் இருப்பவரின் மதிப்பீடு உண்மை வருமானத்தில் 90 சதவீதத்தையும் எட்டாமல், சார்ஸின் முந்தைய அசெஸ்மென்டை (வரி நிர்ணயத்தை) வைத்துக் கணக்கிடும் அடிப்படைத் தொகையையும் எட்டாமல் போனால், குறைவுக்கான வரியின் மேல் 20 சதவீதம் அபராதம் விழலாம். உண்மைத் தொகையை எழுதி நேரத்துக்கு அனுப்பிவிட்டு, தவணையில் கட்ட அனுமதி கேட்பதே நல்லது.

மிச்சமுள்ள 80 சதவீதத்தையும் வந்தபடி எடுத்துச் செலவழிக்கக் கூடாது. தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாதம் 25-ஆம் தேதி ஒரே தொகையைச் சம்பளமாக அனுப்புங்கள். கடந்த 12 மாதங்களில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியில் தொழில் செலவும் வரிப் பங்கும் போக நிற்பதே அந்தச் சம்பளம். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல மாதத்தை வைத்து வீட்டுச் செலவை நிர்ணயித்தால் கெட்ட மாதத்தை கிரெடிட் கார்டுதான் தாங்க வேண்டிவரும். டாலரிலோ பவுண்டிலோ வாங்குபவர்கள் ராண்ட் சரிந்திருந்த மாதத்து வரவை வைத்துத் திட்டம் போட வேண்டாம். ராண்ட் திரும்ப ஏறினால் அதே வேலைக்குக் கையில் வருவது குறையும்.

அடுத்தது இன்வாய்ஸ் தேதி. சின்ன விஷயம்தான், டிசம்பரில் கழுத்தைப் பிடிக்கும். இங்குள்ள பல கம்பெனிகள் ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து 30 நாளில் பணம் தருகின்றன. அதாவது எண்ணிக்கை மாதக் கடைசியில்தான் தொடங்குகிறது. நவம்பர் 24-இல் போன இன்வாய்ஸ் நவம்பர் 30 ஸ்டேட்மென்டில் ஏறும். பணம் டிசம்பர் 30-க்குள் வர வேண்டும். அதே வேலைக்கு டிசம்பர் 2-இல் அனுப்பினால் டிசம்பர் 31 ஸ்டேட்மென்டில் ஏறி, பணம் ஜனவரி 30. எட்டு நாள் சோம்பலுக்கு ஒரு மாதம் தண்டம். நடுவில் பல அலுவலகங்கள் டிசம்பர் மத்தியில் கதவடைத்து ஜனவரியில்தான் திறக்கின்றன. ஜனவரி 1-இல் வீட்டுக் கடனுக்கும் காருக்கும் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டெபிட் ஆர்டர் ஓடும். பணமில்லாமல் திரும்பினால் வங்கி அதற்கும் கட்டணம் பிடிக்கும். ஆகவே வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு மாதத்தில் எந்தத் தேதியோடு இன்வாய்ஸ் வாங்குவதை நிறுத்துகிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அக்டோபருக்குப் பிறகு எடுக்கும் பெரிய வேலைக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். சேமிப்பு 32 நாள் நோட்டீஸ் கணக்கில் இருந்தால், ஜனவரி 5-இல் யூனிஃபார்ம் வாங்க டிசம்பர் 4-க்குள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மாதச் செலவையாவது நோட்டீஸ் இல்லாமல் எடுக்கும் கணக்கில் வைப்பது உத்தமம். வேலை வராத மாதத்தில் வேலையிழந்தோருக்கான காப்பீட்டு நிதியான யுஐஎஃப் கை கொடுக்காது. அது சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுவோருக்கு உரியது.

நெருக்கடி வந்ததும் முதலில் மெடிக்கல் எய்டை (மாதச் சந்தா கட்டும் மருத்துவச் செலவுத் திட்டத்தை) ரத்து செய்பவர்கள் உண்டு. 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்ந்தால் மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்பும் விதிக்கலாம். 35 வயதுக்கு மேல் தாமதமாகச் சேர்பவருக்கு மாதச் சந்தாவே கூடலாம். ரத்து செய்வதற்கு முன் மலிவான திட்டத்துக்கு எப்போது மாறலாம் என்று கேளுங்கள். வீட்டுக் காப்பீட்டையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 2021 ஜூலைக் கலவரம் போன்ற சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காது, கலவரச் சேதத்துக்கான அரசுக் காப்பீடான சஸ்ரியாவின் பாதுகாப்பு சேர்ந்திருக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்படும் கேமராவும் லேப்டாப்பும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்து ஓய்வூதியத்தில் 2024 செப்டம்பர் 1 முதல் வந்த, ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பங்கைத் தொட்டு வரி கட்டுவது சுற்றி வளைத்து நஷ்டப்படும் வழி. வரியாண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். ஆனால் எடுப்பது அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். மேலே சொன்ன 26 சதவீதக்காரர் 10,000 எடுத்தால் நிர்வாகக் கட்டணத்துக்கு முன்பே 7,400-தான் நிற்கும். பழைய வரிப் பாக்கி இருந்தால் சார்ஸ் அதையும் அதிலேயே கழித்துக்கொள்ளும்.

கடைசியாக, தம்பதிகளுக்கு. தென்னாப்பிரிக்காவில் திருமணத்துக்கு முன் நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்தவர்களின் சொத்தும் கடனும் பொதுவாக ஒன்றாகவே சேரும். பிறகு மாற்ற இருவரும் உயர் நீதிமன்றம் போக வேண்டும். கணவர் தொழிலில் வாங்கிய கடன் மனைவியின் சேமிப்பையும் தொடும், மனைவியின் கடன் கணவரையும் தொடும். ஆகையால் வரிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எந்த இன்வாய்ஸ் பாக்கி, அடுத்த டெபிட் ஆர்டர் என்றைக்கு என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு அரை மணி நேரம் உட்கார்ந்தால் இதற்குப் போதும்.