ஆபீஸ் கழித்துவிட்ட மினி பிசியில் வீட்டுப் படங்களைச் சேமிப்பது எப்படி?

கூகுள் போட்டோஸில் வரம்பில்லாமல் இலவசமாகப் படம் ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. மெயில், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. குழந்தை இருக்கும் வீட்டில் அது எந்த மூலைக்கு? மாதச் சந்தா கட்டலாம், தவறில்லை. ஆனால் நம் வீட்டுப் படம் நம் வீட்டிலேயே ஒரு பெட்டியில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு ஃபோன் உள்ளவர்களுக்குத்தான் இந்த வழி சரிப்படும்.

எந்தப் பெட்டி வாங்குவது?

லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி. இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. தடிமனான டைரி அளவுதான் இருக்கும், மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் ஆறாம் தலைமுறைச் சிப் உள்ள பெட்டிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடுகிற பெட்டிகளையே அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன. நம் வேலைக்கு ஐ3 சிப், 8 ஜிபி ராம் போதும். சும்மா இருக்கும்போது 10 வாட் அளவில்தான் இழுக்கும். நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு 7 யூனிட் சுற்றித்தான் ஆகும்.

ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள். முதலில் அடாப்டர். டெல் பெட்டி தனக்குரிய அடாப்டரா என்று சோதித்துப் பார்க்கும். அடையாளம் தெரியவில்லையென்றால் சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடும், எனவே ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து வைஃபை. இந்தப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கார்டே இருக்காது. ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து லேன் கேபிள் போடப் போகிறோம் என்பதால் இது குறையில்லை. கடைசியாக டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு கொடுத்தால் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு 2.5 அங்குல எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். படம் சேமிக்கும் பெட்டியில் டிஸ்க் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

படி 1: பயாஸில் ஒரு மாற்றம்

மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் பெட்டி தானாக ஆன் ஆக வேண்டும். பெட்டியை ஆன் செய்ததும் லெனோவோவில் எஃப் 1, டெல்லில் எஃப் 2, ஹெச்பியில் எஃப் 10 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ், அதாவது பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரை, திறந்ததும் பவர் பகுதியில் 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்று இருப்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். டெல்லில் இதன் பெயர் 'ஏசி ரிகவரி'. உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் கரண்ட் கட் ஆகும்போது தேதி பின்னால் போகலாம், அப்போது பிரவுசர் தளங்களை நம்ப மறுக்கலாம்.

படி 2: லினக்ஸ் மின்ட்

விண்டோஸுக்குப் பதிலாக நாம் போடப்போகும் இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். வேறொரு கணினியில் அதன் கோப்பை இறக்கி, பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். அதை மினி பிசியில் செருகி, ஆன் செய்யும்போது எஃப் 12 (ஹெச்பியில் எஃப் 9) அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவும்போது டிஸ்க் முழுவதும் அழியும், எனவே உள்ளே வேண்டியது ஏதும் இல்லை என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பயனர் பெயர் கேட்கும் திரையில் தானாக உள்நுழையும் விருப்பத்தைத் தேர்வு செய்யுங்கள். பெட்டிக்கு முன்னால் உட்காருபவர் யாராக இருந்தாலும் திறந்து பார்க்க முடியும் என்பதால் வீட்டுக்குள் பொறுப்பான இடத்தில் வையுங்கள். பவர் அமைப்பில் 'சஸ்பெண்ட்' என்பதை 'நெவர்' ஆக்கிவிடுங்கள்.

படி 3: சிங்க்திங்

ஃபோனில் எடுக்கும் படங்களை வீட்டு வைஃபை வழியாகத் தானாகக் கணினிக்குக் கொண்டுவரும் மென்பொருள் சிங்க்திங். மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் அதைத் தேடி நிறுவுங்கள். ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் அதைச் சேர்த்தால் பெட்டி எழுந்ததும் அதுவும் எழும். பிரவுசரில் 127.0.0.1:8384 என்று தட்டினால் அதன் பக்கம் திறக்கும்.

ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதன் கிளையான சிங்க்திங்-ஃபோர்க்கை எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். வைஃபையில் இருக்கும்போது மட்டும் ஓடும்படி வைத்து, பேட்டரி சிக்கனக் கட்டுப்பாட்டிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபோன் அதைத் தூங்க வைத்துவிடும். கணினிப் பக்கத்தில் 'ஷோ ஐடி' அழுத்தினால் க்யூஆர் கோடு வரும். அதை ஃபோனில் ஸ்கேன் செய்து, கணினியில் வரும் கேள்விக்குச் சம்மதம் சொல்லுங்கள். பிறகு ஃபோனின் கேமரா ஃபோல்டரை 'சென்ட் ஒன்லி' என்று பகிர்ந்து, கணினியில் அதை 'ரிசீவ் ஒன்லி' என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: இதை விட்டுவிடாதீர்கள்

சிங்க்திங்கின் வேலை இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் வைத்திருப்பது. ஃபோனில் ஒரு படத்தை அழித்தால் கணினியிலும் அழியும். 'ரிசீவ் ஒன்லி' என்று வைத்திருந்தாலும் அப்படித்தான். குழந்தை ஃபோனை நோண்டி நூறு படத்தை அழித்தால் நூறும் இரண்டு இடத்திலும் போய்விடும்.

அதனால் கணினியில் அந்த ஃபோல்டரின் 'எடிட்' பகுதிக்குப் போய் 'ஃபைல் வெர்ஷனிங்' என்பதில் 'டிராஷ் கேன்' தேர்ந்தெடுத்து, நாள் கணக்கில் 0 போடுங்கள். 0 என்றால் எப்போதும் தூக்கி எறியாதே என்று பொருள். ஃபோனில் அழித்த படங்கள் கணினியில் ஒரு மறைவு ஃபோல்டருக்குள் போய் உட்காரும். கண்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது கண்ணுக்குத் தெரியும்.

இதோடு, மாதம் ஒரு முறை வந்து சேர்ந்த படங்களை 'ஆல்பம்' என்று தனி ஃபோல்டருக்கும் வெளி டிஸ்க் ஒன்றுக்கும் காப்பி செய்யுங்கள். நகர்த்தக் கூடாது, காப்பிதான். ஃபோனில் இடம் வேண்டுமென்றால் இந்தக் காப்பி முடிந்த பிறகே அங்கே அழிக்க வேண்டும். வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காமல் வேறு அறையில் எடுத்து வைப்பது நல்லது.

படி 5: சோதனை

ஃபோனில் ஒரு படம் எடுங்கள், கணினிக்கு வருகிறதா என்று பாருங்கள். அதையே ஃபோனில் அழித்து, மறைவு ஃபோல்டரில் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு கணினியை முறையாக ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி செருகுங்கள். விசைப்பலகையைத் தொடாமலே பெட்டி எழுந்து சிங்க்திங் ஓட வேண்டும். இந்த மூன்றும் சரியாக நடந்தால் மானிட்டரைக் கழற்றிவிடலாம். அடுத்து வீட்டில் மற்றவர்களின் ஃபோனையும் இதே மாதிரி, ஆளுக்கொரு ஃபோல்டராகச் சேருங்கள்.