பாக்ஸ்டின் ஃபானைக் கையால் தீட்டுவது எப்படி: தங்கத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள்

1912 மே 29 அன்று பாரிஸின் ஷாட்லே அரங்கில் 'ஒரு ஃபானின் பிற்பகல்' பாலே முதன்முதலாக மேடையேறியது. இசை டெபுஸ்ஸி. நடனம் அமைத்து ஃபானாக ஆடியவர் நிஜின்ஸ்கி. அரங்க அமைப்பும் உடை வடிவமைப்பும் லியோன் பாக்ஸ்ட். பாதி ஆடு, பாதி மனிதனான அந்த வனதேவனுக்காக அவர் வரைந்த உடைப்படம் இப்போது அமெரிக்காவில், ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் பழுப்புத் திட்டுகள், சுழன்று பறக்கும் ஒரு நீலத் துணி. திரையில் அதன் போட்டோவைப் பார்த்த அன்றே வரைய உட்கார்ந்துவிட்டேன். முதல் இரண்டு பிரதிகள் குப்பைக்குப் போயின, மூன்றாவதுதான் சுவர் ஏறியது. அதன் செய்முறை இது.

முதலில் அளவு. மூலப்படம் ஏறக்குறைய 40 செ.மீ. உயரம். நான் 30 செ.மீ. ஆகச் சுருக்கினேன். வேண்டுமென்றே அளவை மாற்றுங்கள், பாக்ஸ்டின் கையெழுத்தையும் போடாதீர்கள். தாளின் பின்பக்கம் 'பாக்ஸ்டைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, தேதி போட்டுவிடுங்கள். நாளைக்கு யார் கைக்குப் போனாலும் குழப்பம் வராது.

தாள் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம்), ஹாட் பிரஸ் (வழவழப்பான பரப்பு), பருத்தித் தாளாக இருந்தால் உத்தமம். சொரசொரப்பான தாளில் பாக்ஸ்டின் மெல்லிய கோடுகள் உடைந்து உடைந்து வரும். பலகையில் ஒட்டுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கோட்டை மாற்றக் கார்பன் தாள் வேண்டவே வேண்டாம். அதன் மெழுகு தண்ணீரைத் தள்ளும், அந்த இடத்தில் வண்ணம் பிடிக்காது. டிரேசிங் பேப்பரின் பின்பக்கம் 2பி பென்சிலால் தேய்த்து, அதை வைத்து மாற்றுங்கள். பறக்கும் துணியின் வளைவை மட்டும் டிரேஸ் செய்யாதீர்கள். நூல் பிடித்த மாதிரி மெதுவாக இழுத்த கோட்டில் காற்றே இருக்காது. பழைய தாளில் இருபது முறை தோளிலிருந்து கையை வீசிப் பழகிவிட்டு, ஒரே இழுப்பில் போடுங்கள்.

அப்புறம் உடல். மெல்லிய நீர்வண்ணம், ஒரே பூச்சு, நன்றாகக் காயட்டும். அதன்மேல் திட்டுகள். இவை கண்டபடி தெளித்தவை அல்ல. தொடையின் நடுவில் அகலமாக இருக்கும் திட்டு, விளிம்புக்குப் போகப்போகக் குறுகி ஒடுங்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வட்டமாக வைத்தேன். என் முதல் ஃபான் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிட்டான்.

நீலத்துக்குக் கவாஷ், அதாவது அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம். பள்ளிக்கூடப் போஸ்டர் கலர் காய்ந்தபின் சுண்ணாம்பாக உதிர்கிறது. காசு குறைவென்றால் நல்ல கவாஷில் நீலம், வெள்ளை இரண்டு குழாய் மட்டும் வாங்குங்கள், போதும். கவாஷ் காய்ந்தால் நிறம் மாறும்: வெளிர்நிறம் சற்றுக் கறுக்கும், அடர்நிறம் சற்று வெளுக்கும். ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவைத்துப் பார்க்காமல் படத்தில் கை வைக்காதீர்கள்.

இனி தங்கம். மூலப்படத்தில் தங்கப் பூச்சு உண்டு, ஆனால் திரையில் அது தெரியவே தெரியாது. பளபளப்பு விழாதபடி விளக்குப் போட்டு நேராக எடுத்த போட்டோவில் தங்கம் வெறும் கடுகு நிறம்தான். நானும் அதை நம்பி மஞ்சள் காவி கலந்து தீட்டினேன். படம் சோகை பிடித்தது போல் கிடந்தது. எங்கே தவறு என்று இரண்டு வாரம் புரியவில்லை. பிறகுதான் படத்தைப் பெரிதாக்கி, அந்தக் கடுகு நிறத்துக்கு அடியில் பென்சில் கோடு தெரிகிறதா என்று பார்த்தேன். மெல்லிய நீர்வண்ணம் என்றால் கோடு தெரியும், தங்கப் பூச்சு அதை மூடிவிடும். மூடிய இடங்களைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த அடி வெண்கலத்தூளில். கோந்தில் குழைத்துப் பூசியபோது ஜொலித்தது. சில மாதத்தில் பச்சையும் பழுப்புமாகக் கறுத்துப்போனது, உலோகமல்லவா! அபிரகத்தூள் (மைக்கா) சேர்ந்த தங்க நீர்வண்ணக் கட்டி கறுக்காது. என் ஓட்டு அதற்குத்தான். கட்டியின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் ஊறவிடுங்கள். பாலாடை பதத்தில் எடுத்து, தூரிகையை முன்னும்பின்னும் தேய்க்காமல் ஒரு வாக்கில் வையுங்கள். தூள் அடியில் தங்கும், அடிக்கடி கலக்குங்கள். வெறும் தாளில் பூசினால் இந்தத் தங்கம் மெலிந்து தெரியும். அடியில் என்ன போடலாம் என்று தேடினால், நான் திட்டிய அதே மஞ்சள் காவிதான்! காவி காய்ந்தபின் மேலே தங்கம் ஏற்றுங்கள். தங்கத்தை எப்போதும் கடைசியில் வையுங்கள், அதன் துகள் நீலத்தில் விழுந்தால் எடுக்க முடியாது.

பிற்சேர்க்கை: நீலத் துணியின்மேல் வைத்த வெள்ளைப் புள்ளிகள் நீலமாகிவிடுவதாக ஒருவர் எழுதியிருந்தார். வெள்ளையில் தண்ணீர் அதிகம், அது அடியிலுள்ள கவாஷைக் கரைக்கிறது. நீலத்தை ஒரு ராத்திரி காயவிட்டு, வெள்ளையைத் தயிர்போல் கெட்டியாக எடுத்து ஒரே தொடலில் வையுங்கள்.

இன்னொருவருக்கு மழைக்காலத்தில் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டதாம் படம். அதை உரிக்க முயலாதீர்கள், வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். சட்டம் போடும்போதே கடைக்காரரிடம் மவுண்ட் அட்டை (படத்தின் ஓரத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.