நினைவு ஞாயிறு முதல் கிறிஸ்துமஸ் வரை: கிராம சர்ச்சில் முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்து, அந்த ஊர் சர்ச்சில் நாலு ஞாயிறு சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் போதும். "நவம்பர் ஆராதனைக்குக் கொஞ்சம் உதவ முடியுமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரே போதகர்தான் இருப்பார், வருகிறவர்களிலும் பாதிப்பேர் வயதானவர்கள். தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே வேலைகளைச் சொல்கிறேன்.

படி 1: பெயர்களை எழுதி எடுங்கள்

நவம்பர் இரண்டாவது ஞாயிறு நினைவு ஞாயிறு. போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்களை அன்று சத்தமாக வாசிப்பார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயர்கள் பொறித்த நினைவுக்கல்லுக்குப் போங்கள். போன வருடத்துத் தாளை நகல் எடுப்பது சுலபம்தான், ஆனால் அதில் இருக்கும் பிழையும் சேர்ந்தே வரும். கல்லில் பாசி பிடித்திருந்தால் சுரண்டாதீர்கள், எழுத்து போய்விடும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

கல்லில் பெரும்பாலும் முதலெழுத்தும் குடும்பப் பெயரும்தான் இருக்கும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரம் அங்கே இருக்கிறது: படைப்பிரிவு, இறந்த தேதி, சிலருக்கு வயதும் பெற்றோர் பெயரும்கூட. 'ஜே' என்ற ஒற்றை எழுத்து, 19 வயதுப் பையனாக மாறும்போது வாசிக்கிற குரலே மாறிவிடும்.

அப்புறம் உச்சரிப்பு. இங்கே எழுத்து ஒன்று, சொல்வது ஒன்று. 'பியூசாம்ப்' என்று எழுத்துக்கூட்டத் தோன்றும் பெயரை 'பீச்சம்' என்பார்கள். முதல் வருடம் ஒரு பெயரை நான் தப்பாக வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "அது என் பெரியப்பா" என்று சொல்லிச் சரியான உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, ஆனாலும் எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு பெயரையும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

படி 2: பதினொரு மணி

மௌனம் சரியாக 11 மணிக்குத் தொடங்க வேண்டும். முதல் உலகப் போர் ஓய்ந்த நேரம் அது: 1918 நவம்பர் 11, காலை 11 மணி. அடுத்த ஆண்டு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டதன்பேரில் இரண்டு நிமிட மௌனம் வழக்கமானது. அதனால் நினைவுக்கல் அருகே 10:50க்கு ஆரம்பியுங்கள். பெயருக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் வாசியுங்கள், வேகம் வேண்டாம். மௌனத்துக்கு முன் 'லாஸ்ட் போஸ்ட்', பின் 'ரெவேய்' என்று எக்காளம் ஒலிக்கும். ஊதுபவர் இல்லையென்றால் பதிவு செய்த ஒலி போதும், ஒலிபெருக்கியை முந்தைய நாளே சோதித்துவிடுங்கள். இரண்டு நிமிடத்தைப் பார்க்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள். குளிரில் நிற்கும்போது 40 விநாடியே இரண்டு நிமிடமாகத் தோன்றும்.

அன்று கோபுர மணியின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டியிருப்பார்கள். ஒரு அடி கணீரென்றும், அடுத்த அடி தூரத்து எதிரொலி போலவும் கேட்கும். அதை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது.

படி 3: அட்வென்ட் வளையம்

அட்வென்ட் என்பது திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். கம்பி வளையத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டி, ஐவிக் கொடியும் ஹாலி இலையும் செருகுங்கள். ஹாலி குத்தும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்து யூ மரத்தின் கிளை வேண்டாம், அது விஷம், குழந்தைகள் கை வைக்கிற இடம் இது.

சுற்றிலும் மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தி, நடுவில் ஒரு வெள்ளை. சில சபைகளில் நான்கும் சிவப்பாக இருக்கும். ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவோம், ஒவ்வொன்றும் ஒருவர் நினைவாக: முதல் வாரம் முற்பிதாக்கள், இரண்டாவது தீர்க்கதரிசிகள், மூன்றாவது யோவான் ஸ்நானகன் (ரோஜா நிறம் அன்றுதான்), நான்காவது மரியாள். வெள்ளை கிறிஸ்துமஸ் அன்று. முதல் மெழுகுவர்த்தி நான்கு ஞாயிறும் எரிய வேண்டும், ஆகவே தடிமனாகப் பார்த்து வாங்குங்கள். வாரம் இரண்டு தடவை பாசியை நனைக்க மறக்காதீர்கள். காய்ந்த வளையத்தில் தீ பிடிக்கும்.

படி 4: கிறிஸ்டிங்கிள்

ஆரஞ்சுப் பழத்தில் மெழுகுவர்த்தி செருகிச் செய்வதுதான் கிறிஸ்டிங்கிள், இது சிறுவர்களுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. ஆரஞ்சுப் பழம் உலகம், சுற்றிய சிவப்பு ரிப்பன் கிறிஸ்துவின் இரத்தம், மேலே மெழுகுவர்த்தி அவருடைய ஒளி, நான்கு குச்சியில் குத்திய மிட்டாய் பூமியின் பலன்கள். பழத்தின் உச்சியில் சிலுவைபோல் கீறி, மெழுகுவர்த்தியின் அடியில் ஃபாயில் சுற்றிச் செருகினால் ஆடாது. நீளமான முடியைப் பின்னால் கட்டச் சொல்லுங்கள்.

படி 5: ஒன்பது வேதபாடங்கள்

கேரல் ஆராதனையில் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு இடையே ஒன்பது வேதபாடங்களை வாசிப்பார்கள். வாசகர்களைப் பிரிப்பதுதான் உங்கள் வேலை. முதல் பாடத்தைச் சிறுவர் ஒருவருக்கும், கடைசியான யோவான் 1ஆம் அதிகாரத்தைப் போதகருக்கும் கொடுங்கள். நேரமாகிறது, தொடக்க ஜெபத்தைச் சுருக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள். இந்த ஆராதனை முறை 1880இல் தென்மேற்கு இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் பிறந்தது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அதைக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-வைட், போர்முனையில் படைக் குருவானவராக இருந்தவர். ஆண்டு 1918, போர் ஓய்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அவர் எழுதிய அந்த ஜெபத்தில், வேறொரு கரையிலிருந்து நம்மோடு சேர்ந்து மகிழ்கிறவர்களை நினைக்கச் சொல்லும் வரி இருக்கிறது. நவம்பரில் நீங்கள் வாசித்த பெயர்கள் அந்த வரியில்தான் திரும்ப வருகின்றன.

படி 6: டிசம்பர் 24

நள்ளிரவு ஆராதனைக்கு வருகிறவர்கள் நினைவுக்கல்லைத் தாண்டித்தான் உள்ளே வருவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை போய், நினைவு ஞாயிறன்று வைத்து, இப்போது காற்றில் சாய்ந்துகிடக்கும் பாப்பிப் பூ வளையத்தை நிமிர்த்தி வையுங்கள். ஜாடிக்குள் ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் கையோடு கொண்டுபோனால், இருட்டியதும் அங்கேயே ஏற்றிவிட்டு வரலாம்.