வின்னிபெக்கிலிருந்து கல்கரிக்குக் காரில் போகிறவர்கள் கவனத்துக்கு

வின்னிபெக்கில் வந்திறங்கிச் சில மாதங்களில் கல்கரியில் வேலை கிடைத்து இடம்பெயரும் நம்மவர்கள் பலர், சாமான்களையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று முதலாம் இலக்க நெடுஞ்சாலையில் காரிலேயே புறப்பட்டுவிடுகிறார்கள். தூரம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். ரெஜைனாவில் இரவு தங்கி இரண்டு நாளில் ஓடுவதே உகந்தது. கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் குடியேறி 90 நாட்களுக்குள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாகனப் பதிவையும் மாற்ற வேண்டும்; வெளிமாகாண வாகனத்துக்குப் பரிசோதனையும் உண்டு. இவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். எங்களுக்கு எவரும் சொல்லாதது, முன்கண்ணாடியைக் கழுவப் பீய்ச்சும் திரவம் நிற்கும் வைப்பர்த் தொட்டியைப் பற்றித்தான்.

ஊரில் ஏ9 வீதியில் வான் ஓட்டிய காலத்தில், கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து அந்தத் தொட்டியில் ஊற்றுவதே என் வழக்கம். கோடையில் இங்கே பழைய கார் ஒன்றை வாங்கியபோதும் அதையே செய்தேன். விற்றவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒக்ரோபர் கடைசியில் மனைவியுடனும் மகளுடனும் புறப்பட்டோம். முதல் நாள் நல்ல வெயில். அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் பரந்தன் வெளியைப் பன்மடங்கு விரித்துவிட்டதுபோல் கிடக்க, தொலைவில் தெரியும் தானியக் களஞ்சியங்களைக் கோயில் கோபுரம் என்று மகள் எண்ணிக்கொண்டு வந்தாள். மறுநாள் மூஸ் ஜோவைத் தாண்டியதும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 9 பாகைக்கு இறங்கிவிட்டது. உப்புத் தூவிய வீதியில் எங்களைக் கடந்த பாரவூர்தியொன்று வாரியிறைத்த சேற்றுப்பனி, முன்கண்ணாடி முழுவதும் பால்போலப் படிந்தது. தண்ணீர் பீய்ச்சும் விசையை இழுத்தேன்; அதன் மோட்டார் முனகிய ஓசை கேட்டதே தவிர ஒரு துளியும் வரவில்லை, வைப்பர் அந்த வெண்மையை இன்னும் நன்றாக மெழுகிவிட்டது. மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த நான், பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியபடி, ஒரு பண்ணைப் பாதை வரும்வரை ஊர்ந்தேன். பின்னால் இன்னொரு பாரவூர்தி வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை மனைவியும் நானும் இதுவரை பேசிக்கொண்டதில்லை. தொட்டி வெடித்து மோட்டாரும் போயிருந்தது. சுவிஃப்ட் கரன்டில் 420 டொலர் கொடுத்தோம்.

ஆகவே, தண்ணீர் வேண்டாம். பூச்சிக்கறை போக்கும் கோடைத் திரவமும் வேண்டாம். கலனில் சய 40 பாகை (-40°C) என்று எழுதிய குளிர்காலத் திரவத்தையே, செப்டெம்பர் முடியுமுன் வாங்குங்கள். உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரின் மேல் அதை ஊற்றினால் நீர்த்துப்போய் அதுவும் உறையும் என்பதால், பழையதை முழுவதும் பீய்ச்சித் தீர்த்தபின் நிரப்பி, புதிய திரவம் கண்ணாடியில் தெறிக்கும்வரை விசையை இழுத்துப் பாருங்கள். குழாய்க்குள் நிற்கும் பழைய தண்ணீரே முதலில் உறைவது. இன்னொரு முழுக்கலனைக் காரின் பின்பெட்டியில் வையுங்கள், ஆனால் அதில் இருப்பது மெதனோல் என்னும் நஞ்சு என்பதால் குடிதண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் மாற்றி ஊற்றாதீர்கள்.

வழியில் உறைந்துவிட்டால் வீதியோரத்தில் நிற்காமல் பண்ணைப் பாதைக்குள் இறங்கி, கண்ணாடியை உள்ளிருந்து வெப்பக்காற்றால் சூடாக்கிய பின்னரே அந்தக் கலனிலிருந்து துணியை நனைத்துத் துடையுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீர்த் துணியை வைத்தபோது எங்களுக்குக் கிடைத்தது இன்னொரு படலம் பனிக்கட்டிதான்.